கடைசிக் குளத்தின் மதகு

திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடிக்குப் பஸ்ஸில் வருகிறவர்களுக்குக் கோரம்பள்ளம் ஓர் அடையாளம். கலெக்டர் ஆபீஸ் கண்ணில் பட்டுவிட்டதா? ஊர் வந்துவிட்டது, பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொள்ளலாம். அந்தக் கலெக்டர் ஆபீஸுக்குப் பேர் கொடுத்த ஊரில் ஒரு பெரிய குளம் இருக்கிறது. அதைத் திரும்பிப் பார்ப்பவர்கள் குறைவு. வெயில் காலத்தில் பார்க்கவும் ஒன்றுமில்லை. வெடித்துக் கிடக்கும் கரம்பை மண், அதன் மேல் வேலிக்கருவை, மேய்ந்துகொண்டிருக்கும் நாலு மாடு.

2023 டிசம்பர் 18-ஆம் தேதி காலையில் ஊர் முழுக்க அந்தக் குளத்தைப் பற்றித்தான் பேச்சு.

முந்தின நாள் பெய்யத் தொடங்கிய மழை நிற்கவே இல்லை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர். திருச்செந்தூரில் 69. ஸ்ரீவைகுண்டத்தில் 62. இந்த எண்களின் கனம் புரிய வேண்டுமானால் இன்னோர் எண் வேண்டும். தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு வருடம் முழுக்கப் பெய்கிற சராசரி மழையே சுமார் 66 சென்டிமீட்டர்தான். காயல்பட்டினத்துக்காரர்கள் ஒன்றரை வருட மழையை ஒரே நாளில் பார்த்தார்கள்.

திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனிலேயே நின்றுபோனது. தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. உள்ளே சுமார் 800 பயணிகள். சுற்றிலும் தண்ணீர். பக்கத்தில் இருந்த புதுக்குடி மக்கள், தங்கள் வீட்டிலேயே தண்ணீர் நிற்கிற நேரத்தில், அரிசி பருப்பைத் திரட்டிச் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அந்த ரயிலின் கதையை நாடே பேசியது. பேச வேண்டிய கதைதான்.

அதே நேரத்தில் வடக்கே வேறொரு வெள்ளம் வந்துகொண்டிருந்தது. கயத்தாறு, கோவில்பட்டி, ஓட்டப்பிடாரம் பக்கத்துக் கரிசல் காட்டில் பெய்த மழை. அங்கே குளங்கள் நிரம்பின. பல குளங்கள் உடைந்தன. ஓடைகள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து கிழக்கே பாய்ந்தன. அந்தோணியார்புரத்தில் தேசிய நெடுஞ்சாலையே அறுந்தது. கோரம்பள்ளம் குளத்தின் கரை உடைந்தது. மாநகரத்தின் தெருக்களில் படகு விட்டார்கள். உப்பளங்களில் அம்பாரமாகக் குவித்து வைத்திருந்த உப்பு, வந்த வழியே கரைந்து போனது.

தாமிரபரணி கரை புரண்டதும் நகரம் மூழ்கியதும் ஒரே ஆற்றின் வேலை என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொண்டார்கள். உள்ளூரில்கூடச் சிலர் அப்படித்தான். உண்மையில் அவை இரண்டு வெள்ளங்கள். ஏரல், ஆத்தூர், முக்காணிப் பக்கத்தை முழுகடித்தது ஆறு. நகரத்துக்குள் நுழைந்ததில் பெரும்பங்கு கரிசல் காட்டுத் தண்ணீர். இந்த இரண்டு நீர்வழிகளும் சந்திக்கிற இடம்தான் கோரம்பள்ளம் குளம். தூத்துக்குடியின் தண்ணீர்ப் பிரச்னையைப் புரிந்துகொள்ள அந்தக் குளத்தின் கரையில் போய் நின்றால் பாதி வேலை முடிந்துவிடும்.

குளத்துக்குத் தண்ணீர் வர இரண்டு வழி. ஒன்று, மேற்கேயும் வடமேற்கேயும் இருந்து வரும் மழைக்கால ஓடை. வருடத்தில் பத்து மாதம் அதில் தூசிதான் பறக்கும். வந்தால் ஒரேயடியாக வரும். இன்னொன்று, ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டிலிருந்து பிரியும் வடகால். தாமிரபரணித் தண்ணீரை வழியிலுள்ள குளங்களுக்கு ஊட்டிக்கொண்டே வருகிற கால்வாய். அதன் கடைக்கோடியில் இருப்பது கோரம்பள்ளம். இரண்டு சங்கிலிக்கும் கடைசிக் கண்ணி இதுதான். இதற்குப் பிறகு உப்பாற்று ஓடை, உப்பளம், கடல்.

தென்மாவட்டக் குளங்கள் தனித்தனிக் குளங்கள் இல்லை என்பதைக் கிராமத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேலே உள்ள குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தால் அடுத்த குளத்துக்கு வரும். அது நிறைந்தால் அதற்கடுத்தது. மடையைத் திறந்து வயலுக்கு விட்ட தண்ணீரில் மிஞ்சியதும் கீழே உள்ள குளத்துக்கே போய்ச் சேரும். ஒரு பந்தியில் இலை போட்ட மாதிரி. முதல் இலைக்காரருக்குக் கவலை இல்லை. கடைசி இலைக்குப் பாயசம் வருமா வராதா என்பது நடுவில் உட்கார்ந்திருப்பவர்களைப் பொறுத்தது.

மழை குறைந்த வருடங்களில் கடைசி இலைக்கு ஒன்றும் வராது. மழை கொட்டிய வருடத்தில், மேலே இருக்கிறவர்கள் போதும் போதும் என்று தள்ளிவிட்டது எல்லாம் அங்கேயே வந்து விழும். ஆகவே வறட்சி என்றாலும் கோரம்பள்ளத்துக்குத்தான் முதல் அடி, வெள்ளம் என்றாலும் கோரம்பள்ளத்துக்குத்தான்.

சிக்கல் இதோடு நிற்கவில்லை. இந்தக் குளத்துக்கு ஒரு பக்கம் அத்திமரப்பட்டி, முள்ளக்காடு என்று நெல்லும் வாழையும் போடுகிற ஊர்கள். இன்னொரு பக்கம் தூத்துக்குடி மாநகரம். விவசாயிக்குப் பிசானத்துக்குத் தண்ணீர் வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் குளம் நிறைந்தால்தான் மாசி, பங்குனி வரை பயிரைக் காப்பாற்ற முடியும். அதே ஐப்பசி, கார்த்திகையில் நகரத்துக்காரருக்குக் குளம் காலியாக இருந்தால் நிம்மதி. திடீரென்று வரும் வெள்ளத்தைத் தாங்க அதில் இடம் இருக்குமே!

கோரம்பள்ளம் குளத்தின் உபரி நீரை வெளியேற்ற 24 கண் மதகு இருக்கிறது. வானிலை எச்சரிக்கை வருகிற நாட்களில் அத்திமரப்பட்டி டீக்கடையில் காலையில் கேட்கிற கேள்வி: “ஏ, மதவத் தூக்கிட்டாவளாமே? உள்ளதா அண்ணாச்சி?” கேட்பவரின் குரலில் பயம். அதே நேரம் முத்தம்மாள் காலனி மாதிரித் தாழ்வான தெருக்களில், கட்டிலுக்கு அடியில் செங்கல் வைத்து உயரம் ஏற்றிக்கொண்டிருக்கும் வீடுகளில் கேட்கிற கேள்வியும் அதேதான். “மதவத் தூக்கிட்டாவளா அக்கா?” தூக்கிவிட்டால் தேவலையே என்ற ஏக்கம்.

இரண்டு பேர் கேட்பதும் நியாயம். ஷட்டரைத் தூக்குகிற கையோ ஒன்றுதான். மழை வராமல் போனால், பிடித்த தண்ணீரையும் கடலுக்கு விட்டுவிட்டான் என்று திட்டு. வந்துவிட்டால், முன்னாலேயே ஏன் திறக்கவில்லை என்று திட்டு. அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் தூக்கம் வராது.

இந்தக் கேள்விக்குக் கோரம்பள்ளத்தில் நின்றுகொண்டு பதில் சொல்லவே முடியாது என்பதுதான் விஷயம். பதில் மேலே இருக்கிறது. கொஞ்சம் கீழேயும் இருக்கிறது.

மேலே போகலாம். பொதிகை மலையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேரும் தாமிரபரணி, தமிழ்நாட்டிலேயே பிறந்து தமிழ்நாட்டிலேயே முடிகிற வற்றாத ஆறு என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்திருப்போம். ஏறக்குறைய 128 கிலோமீட்டர்தான் நீளம். அதற்குள் எட்டு அணைக்கட்டுகள். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். பெயர்களைச் சொல்லும்போதே ஒரு தாளம் வரும். முதல் ஏழும் பழைய காலத்து வேலை. கடைசியாகக் கட்டப்பட்டது ஸ்ரீவைகுண்டம். வெள்ளைக்காரர் காலத்தில், 1870-களில் முடிந்தது. இந்த எட்டிலிருந்து பிரியும் 11 கால்வாய்களை நம்பி இரண்டு மாவட்டத்திலும் சேர்த்து 86 ஆயிரம் ஏக்கருக்கு மேல். அதில் பாதிக்கு மேல் மருதூரையும் ஸ்ரீவைகுண்டத்தையும் நம்பியிருக்கும் தூத்துக்குடி மாவட்டத்து நிலம்.

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு கட்டியபோது அதற்கு இருந்த கடமை, வடகாலிலும் தென்காலிலும் தண்ணீரைத் திருப்பி விடுவது. அணை என்று பெரிதாகச் சொன்னாலும் அது தேக்கி வைக்கிற அணை இல்லை, ஆற்றுக்குக் குறுக்கே போட்ட ஒரு தடுப்பு. எட்டு அடி உயரத்துக்கு நிற்க வேண்டிய தண்ணீரில் பெரும்பகுதி இடத்தை மணலும் வண்டலும் செடிகொடியும் பிடித்துக்கொண்டன. நூறு வருடத்துக்கு மேல் முறையாகத் தூர்வாராததன் பலன். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போய் உத்தரவு வாங்கித்தான் 2015-இல் வேலையே தொடங்கியது. தூர்வாருகிற பேரில் மணலை மட்டும் அள்ளுகிறார்கள் என்ற சண்டையும் கூடவே வந்தது. மணலுக்கு விலை உண்டு, வண்டலுக்கு இல்லை!

1970-களில் இந்த அணைக்கட்டுக்கு இன்னொரு கடமையும் சேர்ந்தது. தூத்துக்குடித் துறைமுகமும் அதைச் சுற்றி வந்த தொழிற்சாலைகளும் தண்ணீர் கேட்டன. ஒரு நாளைக்கு 20 மில்லியன் கேலன், அதாவது சுமார் 9 கோடி லிட்டர் எடுக்கும் திட்டம் வந்தது. தொழிற்சாலைக்குக் குழாயில் போகிற தண்ணீருக்கு லீவு கிடையாது. வறண்ட வருடத்திலும் அது போயாக வேண்டும். கால்வாய்த் தண்ணீருக்கு முறை உண்டு, காத்திருப்பு உண்டு. குழாயும் கால்வாயும் ஒரே இடத்தில் வாய் வைத்தால் எது முதலில் குடிக்கும் என்று யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. வடகாலின் கடைசியில் காத்திருக்கிற விவசாயிக்கும் தொழிற்சாலைக்கும் நடுவே பல வருடமாக நடக்கிற வழக்குகளின் மூலம் இது. வேலைவாய்ப்பும் இந்த ஊருக்கு வேண்டும். ஆனால் கடல் பக்கத்தில் இருக்கும்போது, கடல்நீரையும் நகரத்துக் கழிவுநீரையும் சுத்தம் செய்து தொழிற்சாலைக்குக் கொடுத்துவிட்டு ஆற்றுத் தண்ணீரை ஆற்றிலேயே விட முடியும். செலவு கூடும்தான். இப்போது அந்தச் செலவு வேறு யார் தலையிலோ விழுகிறது, கணக்கில் வராமல்.

இனி குளங்களைச் சரிசெய்வது பற்றி. குளத்தை மீட்கிறோம் என்றாலே எல்லோருக்கும் ஞாபகம் வருவது ஜே.சி.பி. மஞ்சள் வண்டி மண்ணை அள்ளினால் போட்டோவுக்கு எடுப்பாக இருக்கும். ஆனால் பாசனக் குளத்தில் மடையின் அடிமட்டத்துக்குக் கீழே எவ்வளவு தோண்டினாலும் அந்தத் தண்ணீர் வயலுக்கு ஏறாது. பள்ளத்திலேயே நிற்கும். கண்டபடி தோண்டினால், அடியில் தண்ணீரைத் தாங்கி நிற்கும் களிமண் அடுக்கும் போய்விடும். அப்புறம் குளம் சல்லடை. எவ்வளவு, எங்கே, எந்த ஆழம் வரை என்று அளந்து செய்ய வேண்டிய வேலை அது.

மண்ணைவிட முக்கியம் வரத்துக்கால். ஒரு குளத்துக்குத் தண்ணீர் வருகிற வழியும் போகிற வழியும் திறந்திருந்தால், கொஞ்சம் மேடேறிய குளம்கூடப் பிழைத்துக்கொள்ளும். வழி அடைத்துவிட்டால் அழகாகத் தோண்டிய குளமும் வெறும் குழி. தாமிரபரணிக் கால்வாய்களை அடைப்பதில் முதல் பரிசு அமலைச் செடிக்கு. மற்ற ஊர்களில் ஆகாயத்தாமரை என்பார்கள். ஊதாப் பூவோடு பார்க்கக் கொள்ளை அழகு. ஒரு பருவம் விட்டால் போதும், கால்வாயின் மேல் பாய் விரித்த மாதிரி மூடிக்கொள்ளும். ஊர்களின் சாக்கடை கலப்பதால் அதற்குச் சாப்பாட்டுக்கும் குறைவில்லை. இந்தச் செடியை வருடா வருடம் அள்ளிப் போடுகிறார்கள். சாக்கடையை நிறுத்தாமல் அமலையை மட்டும் அள்ளுவது, குழாயை மூடாமல் தரையைத் துடைக்கிற கதை.

கரிசல் பக்கத்து ஓடைகளில் எதிரி வேலிக்கருவை. ஓடையின் நடுவிலேயே நின்று, வருகிற வெள்ளத்தைக் கரைப் பக்கம் திருப்பிவிடும். வெட்டினால் மறுபடி துளிர்க்கும். வேரோடு எடுக்க வேண்டும். ஆனால் இதிலும் ஒரு பொறுமை வேண்டும். குளத்துக்குள் நிற்கிற மரம் எல்லாம் எதிரி இல்லை. நீர்ப்பிடிப்பில் நிற்கிற நாட்டுக் கருவேல மரங்களில்தான் நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டுகின்றன. ஏட்ரி அமைப்பின் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் 2011-லிருந்து பொங்கல் சமயத்தில் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் பறவைகளைக் கணக்கெடுக்கிறது. மாணவர்கள், ஆசிரியர்கள், ஆர்வலர்கள் என்று பலரும் பைனாகுலரும் நோட்டுமாக விடியற்காலையில் குளத்தங்கரைக்குப் போகிறார்கள். அரிவாள்மூக்கன், நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, தூரதேசத்து வாத்துகள்... கால் நீளமான பறவைக்கு முழங்கால் ஆழத் தண்ணீர் வேண்டும். வாத்துக்கு ஆழமான இடம் வேண்டும். குளத்தை ஒரே சீராகத் தொட்டி மாதிரி வெட்டினால் பாதிப் பறவைகளுக்கு அங்கே வேலை இல்லை. ஓரத்தில் சரிவாக, நடுவில் ஆழமாக, அங்கங்கே திட்டாக விட்டால் பறவைக்கும் நல்லது, மாடு இறங்கித் தண்ணீர் குடிக்கவும் நல்லது.

வறண்ட பக்கத்துக்கும் ஆற்றுத் தண்ணீர் கிடைக்க வேண்டும் என்பது பெரிய கனவு. அதற்காகத் தொடங்கியதுதான் தாமிரபரணி - கருமேனியாறு - நம்பியாறு இணைப்பு. கன்னடியன் கால்வாயிலிருந்து வெள்ள நீரைப் பிரித்து, சுமார் 75 கிலோமீட்டர் புதுக் கால்வாய் வெட்டி, சாத்தான்குளம், திசையன்விளைப் பக்கத்து எம்.எல். தேரி வரை கொண்டுபோகிற திட்டம். 369 கோடி ரூபாயில் முடியும் என்று 2009 வாக்கில் ஆரம்பித்தார்கள். 2025 பிப்ரவரியில் திறந்தபோது செலவு ஆயிரம் கோடியைத் தாண்டியிருந்தது. தேரிக்காட்டு ஓரத்தில் குடிதண்ணீருக்கே தவித்த கிராமங்களுக்கு இது பெரிய வரம். கீழே இருப்பவர்களின் கவலை ஒரே ஒரு சொல்லைப் பற்றியது. ‘உபரி’. எட்டு அணைக்கட்டில் இது மூன்றாவது. மூன்றாவது இடத்தில் உபரியாகத் தெரிகிற தண்ணீர், எட்டாவது இடத்துக்கும் அதன் கடைசிக் குளத்துக்கும் உபரிதானா? அதை யார், எந்த அளவுகோலை வைத்துச் சொல்வது? அந்தக் கணக்கை மாவட்டத்துக்கு மாவட்டம் தனியாகப் போடாமல், ஆறு முழுவதற்கும் சேர்த்துப் போட்டு, எல்லோரும் பார்க்கிற மாதிரி வைத்துவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

‘உபரி’க்கு அண்ணன் மாதிரி இன்னொரு வார்த்தை இருக்கிறது. ‘வீணாகக் கடலில் கலக்கிறது’. மழைக்காலத்தில் இந்த வாக்கியம் இல்லாத செய்தி இருக்காது. முத்துக்குளித்துறையில் நின்றுகொண்டு இதைச் சொல்வது கொஞ்சம் வேடிக்கை. ஏனென்றால் இந்தக் கடற்கரையை உண்டாக்கியதே கடலில் கலந்த அந்த ஆறுதான். பாண்டியர்களின் முத்துத் துறைமுகமான கொற்கை, ஆறு கொண்டுவந்து போட்ட வண்டலால் கடலை விட்டு விலகி, இன்று வாழைத் தோட்டங்களுக்கு நடுவே சில கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. அடுத்துத் துறைமுகமாக வந்த காயலும் அப்படியே. மார்க்கோ போலோ வந்து பார்த்து எழுதிய ஊர், பெயரிலேயே பழைய காயல் ஆகிவிட்டது. பிறகு புன்னைக்காயல். பிறகுதான் தூத்துக்குடி. துறைமுகத்தைக் கையைப் பிடித்து ஊர் ஊராக நகர்த்தியது தாமிரபரணி.

முத்துச் சலாபம் கடைசியாக நடந்தது 1961-இல். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் 1973-இல் இதே தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார்கள். பழையபடி பார்களில் மூழ்கி முத்துச் சிப்பி அள்ளுகிற சலாபம் திரும்ப வரவில்லை. ஆனால் கடல் இன்னும் ஆற்றைக் கேட்கிறது. புன்னைக்காயல் முகத்துவாரத்தில் அலையாத்தி மரங்களின் வேர்களுக்கு நடுவே இறால் குஞ்சும் மடவைக் குஞ்சும் நண்டும் வளர்வதற்கு நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் கலக்க வேண்டும். ஆற்றுத் தண்ணீர் வராவிட்டால் கடல் உள்ளே வரும். முக்காணி, ஆத்தூர்ப் பக்கம் கிணறுகள் உவர்ப்பதும், அதைத் தடுக்க முக்காணி அருகே ஆற்றுக்குக் குறுக்கே தடுப்பணை கட்ட வேண்டி வந்ததும் அதனால்தான். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய ஆத்தூர் வெற்றிலைக்கு அந்த மண்ணும் அந்தத் தண்ணீரும்தான் ருசி கொடுக்கின்றன. கல்யாண வீட்டுத் தாம்பூலத் தட்டில் அந்த வெற்றிலை இருந்தால், கடலுக்குப் போன தண்ணீருக்கும் அதில் பங்கு உண்டு.

சரி, கோரம்பள்ளத்துக்கே திரும்பலாம். மதகுக்குக் கீழே என்ன இருக்கிறது? உப்பாற்று ஓடை. பெரு வெள்ளத்தைச் சுமக்கிற அகலம் அதற்கு வேண்டும். நகரத்துக்குள் இன்னொரு பக்கம், ஒரு வெள்ளைக்காரத் துரையின் பெயரைச் சுமக்கும் பக்கிள் ஓடை. மழைநீரைக் கடலுக்குக் கொண்டுபோக வேண்டிய அது, நகரத்துச் சாக்கடையைச் சுமந்துகொண்டிருக்கிறது. 2021 நவம்பரில் பெய்த மழையிலும் நகரம் முழங்கால் தண்ணீரில் நின்றது. அப்போது 2023 போல மேலேயிருந்து பெருவெள்ளம் வரவில்லை. ஊருக்குள் பெய்ததே வெளியேற வழி இல்லாமல் நின்றது.

இந்த இடத்தில் டச்சுக்காரர்கள் ஞாபகம் வருவதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. 1658-இல் போர்ச்சுகீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்து, முத்துக்கும் சங்குக்குமாக நெடுங்காலம் ஆண்டுவிட்டு, 1825-இல் ஆங்கிலேயரிடம் விட்டுப் போனவர்கள் அவர்கள். கடலையே கரை கட்டித் தடுத்தவர்கள் என்று உலகம் பேர் சொல்லும். 1995-இல் அவர்கள் நாட்டு ஆறுகளில் வெள்ளம் ஏறியபோது சுமார் இரண்டரை லட்சம் பேரை வீட்டை விட்டு வெளியேற்ற வேண்டி வந்தது. அதற்குப் பிறகு கரையை மேலும் மேலும் உயர்த்துவதை விட்டுவிட்டு, ஆற்றுக்கு இடம் கொடுப்பது என்று ஒரு திட்டம் போட்டு, முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் வேலை செய்தார்கள். நைமேகன் என்ற நகரத்தில் கரையை 350 மீட்டர் பின்னால் தள்ளிக் கட்டி, ஆற்றுக்குப் பக்கத்தில் இன்னொரு வாய்க்காலே வெட்டினார்கள். வீடுகளை இழந்தவர்கள் உண்டு. அவர்களோடு வருடக்கணக்கில் பேசித்தான் செய்ய முடிந்தது. பணக்கார நாடு என்று தள்ளிவிடலாம். ஆனால் உப்பாற்று ஓடைக்கு நூறு அடி கூடுதலாக விடுவதற்கு ஹாலந்து அளவுக்குப் பணம் வேண்டியதில்லை.

கடைசியாக அந்த 24 கண் மதகு. மேலே கயத்தாற்றிலும் ஓட்டப்பிடாரத்திலும் எவ்வளவு மழை பெய்தது, எந்தக் குளம் மறுகால் போகிறது, தண்ணீர் கோரம்பள்ளத்துக்கு வர எத்தனை மணி நேரம் ஆகும் என்ற விவரம் ஷட்டருக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு உடனுக்குடன் வர வேண்டும். மழைமானியும் செல்போனும் இருக்கிற காலத்தில் இது கஷ்டமான காரியம் இல்லை. கரிசல் காட்டுக் குளங்களின் கரையும் மறுகாலும் உறுதியாக இருந்தால் வெள்ளம் ஒரே நேரத்தில் வந்து விழாமல், கொஞ்சம் கொஞ்சமாக வரும்.

அதோடு அத்திமரப்பட்டி விவசாயிக்கு ஒரு வாக்கும் வேண்டும். எச்சரிக்கை வந்ததும் குளத்தை இறக்கிவிடச் சம்மதிக்கச் சொன்னால், அப்புறம் மழை பொய்த்துவிட்டால் அவர் பயிருக்கு என்ன வழி? ‘இறக்கிவிட்ட அளவுக்கு வடகாலில் தண்ணீர் விட்டு நிரப்பித் தருகிறோம்’ என்று எழுத்தில் கொடுத்தால் அவர் ஏன் மறுக்கப்போகிறார்? நகரத்தின் பயத்துக்கு இவர் வயல் இன்ஷூரன்ஸ் கட்டுகிறது. பிரீமியத்தை நகரம் கட்டுவதுதான் முறை. அந்த வாக்கைக் காப்பாற்ற வடகால் கடைசி வரை அமலை இல்லாமல் ஓட வேண்டும். ஸ்ரீவைகுண்டத்தில் வண்டல் போய் தண்ணீர் நிற்க வேண்டும். குழாய்க்குப் போகிறதில் கொஞ்சம் கால்வாய்க்குத் திரும்ப வேண்டும். மூன்றாவது அணைக்கட்டில் உபரிக் கணக்கு சரியாகப் போட வேண்டும். ஒரு ஷட்டரைத் தைரியமாகத் தூக்க இத்தனையும் தேவைப்படுகிறது.

ஒவ்வொரு புரட்டாசியிலும் மழைக்கால ஆயத்தக் கூட்டம் கலெக்டர் ஆபீஸில் நடக்கும். எல்லாத் துறை அதிகாரிகளும் வருவார்கள். குளம் அங்கிருந்து கூப்பிடு தூரம்தான்.